இருநூற்றுப் பதினாலு பாட்டும் ஒரு தலைவரும்

எனக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. மற்றவர்கள் வண்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பதினெட்டு வருஷமாக அதை மிதித்துப் பழகியதில், யாராவது எதிரில் உட்கார்ந்து அபாயமாக எதையாவது பேச ஆரம்பித்தால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்திவிடுகிறது. இந்தக் கதை நடந்த மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரி நாலாவது மாடித் தரையை நான் அழுத்திய அழுத்தத்துக்கு, அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது என்றால் கொத்தனாரைத்தான் பாராட்ட வேண்டும்.

விஷயம் இவ்வளவுதான்: என் அக்காவுக்குப் பாட்டுக் கேட்க வேண்டும்.

அக்கா பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். அவள் ஓய்வு பெற்ற மறு வருஷம் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்வு பெற்றன. "இவளே ரிடையர் ஆயிட்டா, நாம மட்டும் எதுக்குன்னு நினைச்சிருக்கும், பாவம்" என்பாள். அதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி. ரத்தம் ஒரு குழாய் வழியே வெளியே போய், இயந்திரத்தில் குளித்துவிட்டு, இன்னொரு குழாய் வழியே வீடு திரும்பும். நாலு மணி நேரம் இடது கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும்.

ஊசிக்கு அவள் பயப்படவில்லை. அந்த அறையின் டி.வி.க்குப் பயந்தாள்.

டயாலிசிஸ் பிரிவு தரைக்குக் கீழே இருக்கிறது. சுவர்கள் அவ்வளவு கனம். செல்போன் சிக்னல் படியிறங்கும்போதே விடைபெற்றுக்கொள்ளும். எட்டுக் கட்டில். எட்டுக்கும் பொதுவாக, எதிர்ச் சுவரில் உயரத்தில், ஒரு பெரிய டி.வி. அதில் ஓடுவது ஒரே படம். ஆஸ்பத்திரியைப் பற்றி ஆஸ்பத்திரியே எடுத்த படம். பன்னிரண்டு நிமிஷம். முழுக்க முழுக்க ஆஸ்பத்திரித் தலைவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு பேசுவார். அவர் டாக்டர் இல்லை. முன்னால் குளியலறைக் குழாய் செய்து விற்றவர். படம் முடிந்ததும் ஒரு மணி அடிக்கும். மறுபடியும் முதலிலிருந்து வருவார். நாலு மணி நேரத்துக்கு இருபது தடவை.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"ரிமோட் எங்ககிட்ட இல்லீங்க. மேல காட்சிப் பிரிவுல இருக்கு. அவங்க டி.வி.யை இங்க வச்சிட்டு ரிமோட்டை அங்க வச்சிக்கிட்டாங்க. பாதுகாப்பாம்."

அக்கா காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். குழாய் வியாபாரி குரல், பஞ்சு தாங்கவில்லை. அடுத்த கட்டிலில் ஒரு துணிக்கடைக்காரர் இருந்தார். ஆறு மாசம் அங்கே சீனியர். தலைவர் வாயைத் திறப்பதற்கு அரை நொடி முன்னாலேயே அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார், கண்ணை மூடியபடி. அதைக் கேட்டதும் அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"இன்னும் ஆறு மாசத்துல நானும் இப்படி ஆயிடுவேண்டா."

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வரமாட்டேன் என்று படுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கால் இரண்டும் வீங்கி, நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. இன்னும் இரண்டு தடவை இப்படித் தவறினால் அப்புறம் தன்னால் செய்ய ஒன்றும் இருக்காது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நான் அக்காவிடம் கெஞ்சினேன், திட்டினேன், கொஞ்சம் அழுதும் பார்த்தேன். அவள் சாவகாசமாகச் சொன்னாள்:

"சாகறதுக்கு எனக்குப் பயமில்லடா. ஆனா கடைசியா என் காதுல விழற குரல் அந்தாளோடதா இருந்தா? அதுக்குத்தான் பயம். எனக்குப் பாட்டு வேணும். மூணு வாரம் டைம் தரேன். அதுக்குள்ள ஏற்பாடு பண்ணு. இல்லன்னா நான் நிறுத்திக்கிறேன்."

வரலாற்று டீச்சர். தேதி கொடுத்துவிட்டால் மாற்ற மாட்டாள்.

என் மகளின் பழைய டேப்லெட் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் ஒரு பாட்டுச் செயலிக்குச் சந்தா கட்டி, அக்கா விரும்பும் பாட்டுகளையெல்லாம் தேடி, இதயம் போட்ட குறியைத் தட்டி வைத்தேன். என்னைப் பொறுத்தவரை இதயத்தைத் தட்டினால் பாட்டு உள்ளே வந்துவிட்டது. கீழ்த்தளத்தில் கொண்டுபோய்த் திறந்தால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இதயம் இருந்தது, பாட்டு இல்லை.

"என்னை மாதிரி ஆள்தான் போல இதுவும்" என்றேன்.

"உன்னை மாதிரி இல்ல. இது சுத்தவாவது செய்யுது" என்றாள் அக்கா.

இதயத்துக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய சின்ன அம்பு ஒன்று இருக்கிறது. வைஃபை உள்ள இடத்தில் அதைத் தட்டி இறக்கி வைத்தால்தான் பாட்டு டேப்லெட்டில் தங்கும் என்று எனக்குச் சொன்னவள், ரிவர்ஸ் எடுக்கவே தெரியாத என் மாணவி ஒருத்தி. அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தாள். இருநூற்றுப் பதினாலு பாட்டு, ஓரத்தில் குறிப்புகளோடு. 'இதில் ஆண் குரல் வேண்டாம், மூக்கடைப்பு.' 'இது சரணம் மட்டும் நன்றாக இருக்கும், பல்லவியைப் பொறுத்துக்கொள்.' டிரைவிங் ஸ்கூல் வைஃபையில் இரண்டு நாள் இறக்கினேன். இடம் போதாமல் நான் சேர்த்து வைத்திருந்த பார்க்கிங் பாட வீடியோக்களை அழித்தேன். பிறகு விமானக் குறியைத் தட்டி இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஓடும் காரில் உட்கார்ந்து சோதித்தேன். பாடியது! நான் கை தட்டினேன். தன்னைத்தான் பாராட்டுகிறேன் என்று நினைத்து மாணவர் வேகத்தைக் கூட்டினார்.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வாசலில் காவலர் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே விட மறுத்தார்.

"முதல் நாள் விட்டீங்களே?" என்றேன்.

"அன்னிக்கு அதுல ஒண்ணும் ஓடலைன்னு கேள்விப்பட்டோம். ஓடாததைப் பத்தி எங்களுக்குக் கவலை இல்ல. ஓடுதுன்னா ஸ்டிக்கர் வேணும். நாலாவது மாடி, கருவி ஒழுங்குப் பிரிவு."

கருவி ஒழுங்குப் பிரிவின் அதிகாரி நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல வாய்ப்புக் கிடைக்காது. மேசையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தார். காகிதங்கள் எல்லாம் எங்கள் கையில் இருந்தன.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டுக்கு நாங்க எதிரி இல்ல. நானே குளிக்கும்போது பாடறவன்தான். ஆனா ஒரு நோயாளி உடம்புக்குள்ள எது போனாலும் அதுக்கு ஒரு சீட்டு இருக்கணும். மாத்திரை வாய் வழியா போகுது. பாட்டு காது வழியா போகுது. வழிதானே சார் வேற?"

என் வலது கால் தரையை அழுத்தியது.

"அப்படின்னா டாக்டர் சீட்டு வேணுங்களா?"

"பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க."

டாக்டரிடம் போனேன். அவர் ஒரே நேரத்தில் மூன்று பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுதும் கேட்டாரா தெரியவில்லை; கை பழக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். 'பாட்டு. நாளுக்கு மூன்று. உணவுக்குப் பின்.'

அதிகாரி சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். "இப்ப மருந்துக்கடையில ஒரு முத்திரை."

"மருந்துக்கடையில எதுக்கு சார்?"

"சீட்டுல எழுதினது நம்ம கடையில இருந்தா நம்மகிட்டத்தான் வாங்கணும். இல்லன்னு அவங்க முத்திரை குத்தினாத்தான் நீங்க வெளியிலேர்ந்து பாட்டை உள்ள கொண்டுவரலாம்."

மருந்துக்கடை வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். கடைக்காரப் பெண் சீட்டை வாங்கிக் கணினியில் தட்டினாள். நெற்றியைச் சுருக்கினாள். உள்ளே போய் அலமாரியைப் பார்த்துவிட்டே வந்தாள். அந்த நேர்மையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"பாட்டு ஸ்டாக் இல்லீங்க. இதே மாதிரி வேற கம்பெனி ஏதாவது தரட்டுமா?"

"வேண்டாம்மா. இல்லன்னு குத்திக் குடுங்க, போதும்."

முதல் வாரம் அப்படிப் போயிற்று. இரண்டாவது வாரம் பாட்டுகளைச் சோதிக்க ஒரு குழு அமைத்தார்கள். மூன்று பேர்: அதிகாரி, உணவு ஆலோசகர் அம்மா, லிஃப்ட் பராமரிப்பவர். லிஃப்ட்காரர் எதற்கு என்று கேட்டேன். எந்தக் குழுவிலும் மூன்று பேர் இருக்க வேண்டுமாம். மூன்றாவது ஆள் எப்போதும் அவர்தானாம். ஒவ்வொரு பாட்டையும் முழுசாகக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். முதல் மூன்று நாளில் ஒன்பது பாட்டுதான் தாண்டியது. காரணம், பிடித்த பாட்டை உணவு ஆலோசகர் இரண்டாம் தடவை சோதித்தார். ஒரு பழைய பாட்டுக்கு லிஃப்ட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டதால் அதை நாலு தடவை சோதிக்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் யாரோ லிஃப்ட் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மிச்சத்தை முதல் வரியை மட்டும் பார்த்துத் தள்ளி, வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. அதிகாரி பட்டியலைப் படித்தார்.

"சோகப் பாட்டு நாப்பத்தாறு. பிரஷர் இறங்கும். நீக்கிட்டோம். துள்ளல் பாட்டு முப்பத்தெட்டு. பிரஷர் ஏறும். நீக்கிட்டோம். தண்ணிப் பாட்டு அம்பத்தொம்பது."

"தண்ணிப் பாட்டுன்னா?"

உணவு ஆலோசகர் முன்னால் சாய்ந்தார். "மழை, ஆறு, அருவி, கடல், பனித்துளி. உங்க அக்கா ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணிக்கு மேல குடிக்கக் கூடாது. மழைப் பாட்டு கேட்டா தாகம் எடுக்காதா? கண்ணீர் வர்ற பாட்டை மட்டும் யோசிச்சோம். அது உப்புல சேருதா தண்ணில சேருதான்னு முடிவு வரல. ரெண்டுமே அவங்களுக்கு ஆகாதுன்னு நீக்கிட்டோம்."

"மிச்சம்?"

"எழுபத்தொண்ணு. எல்லாமே மிதமான பாட்டு" என்றார் அதிகாரி பெருமையாக. "எந்த உணர்ச்சியும் வராது."

அக்காவிடம் எண்ணிக்கையைச் சொல்லாமல் மறைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "மழைப் பாட்டு போச்சா?" என்று மட்டும் கேட்டாள். போச்சு என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தாள். ஊசி போட்ட கை விடவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். இன்னும் ஒரு வாரம்.

அந்தக் கடைசி வாரம் திங்கட்கிழமை டேப்லெட்டில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு செயலியையும் ஏற்றியிருந்தார்கள்.

"இது ஒரு சின்னப் பூட்டு" என்றார் அதிகாரி. "நீங்க ஆஃப்லைன்ல கேக்கறேன்னு சொல்லியிருக்கீங்க. உண்மையிலேயே ஆஃப்லைன்லதான் இருக்கீங்களான்னு நாங்க எப்படித் தெரிஞ்சிக்கிறது? அதனால ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இது எங்க சர்வரைத் தொடர்பு கொண்டு, ஆமா, இணையத்துல இல்லன்னு சொல்லிடும்."

"இணையத்துல இல்லாதப்போ எப்படி சார் சொல்லும்?"

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் முகத்தில் சந்தேகம் மாதிரி ஏதோ வந்தது. துடைத்து வைத்த மேசையைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"சார், தலைவரோட டேப்லெட்லகூட இதைத்தான் போட்டிருக்கோம். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு."

கீழே போய்த் திறந்தேன். 'இணையத்தில் இல்லை என்பதை உறுதி செய்ய, இணையத்தில் இணைக்கவும்' என்று வந்தது. எழுபத்தொரு மிதமான பாட்டும் உள்ளே இருந்தன; ஒன்றையும் திறக்க முடியவில்லை. பூட்டு போடாத கோப்பு ஒன்றே ஒன்று இருந்தது. அவர்களே அன்பளிப்பாக ஏற்றியது. தட்டினேன். தலைவர் வந்தார்.

இப்போது அக்காவுக்குச் சுவரில் ஒரு தலைவர், மடியில் ஒரு தலைவர்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "நீ நல்லாத்தான் பாடுபட்டேடா" என்றாள். என்னைப் பாராட்டி அவள் பேசியதே இல்லை. எந்த பிரேக்கை மிதிப்பது என்று தெரியவில்லை. "வெள்ளிக்கிழமைதான் கடைசி. டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ எதுவும் பேசாதே."

அந்த வெள்ளிக்கிழமைதான் ஆஸ்பத்திரியில் 'நோயாளிகள் மகிழ்ச்சி நாள்'.

தலைவர் நேரில் வந்தார். பின்னால் அதிகாரி, உணவு ஆலோசகர், லிஃப்ட்காரர், இரண்டு கேமரா. எட்டுக் கட்டிலுக்கும் ஒரே நிறத்தில் போர்வை மாற்றியிருந்தார்கள். நோயாளிகள் மகிழ வசதியாக, டி.வி. சத்தத்தைக்கூட மேலேயிருந்து நிறுத்தியிருந்தார்கள். படம் மட்டும் ஊமையாக ஓடியது. தலைவர் நடுவில் நின்று, வெள்ளைக் கோட்டைச் சரி செய்து, கையிலிருந்த டேப்லெட்டைத் திறந்தார். பேச்சு அதில்தான் இருந்தது.

பார்த்தார். தட்டினார். மறுபடியும் தட்டினார்.

தூரத்திலிருந்தே எனக்கு அந்த வாசகம் தெரிந்தது. இணையத்தில் இல்லை என்பதை உறுதி செய்ய.

அதிகாரி ஓடிவந்து எதையோ அழுத்தினார். பூட்டு போடாத ஒரே கோப்பு திறந்துகொண்டது. டேப்லெட்டிலிருந்து தலைவரின் குரல் வந்தது: "வணக்கம். நான் உங்கள் தலைவர்." சுவரில் ஒரு தலைவர் வாயை மட்டும் அசைத்தார். கையில் ஒரு தலைவர் பேசினார். நடுவில் அசல் தலைவர் இரண்டும் இல்லாமல் நின்றார். அதிகாரி பதறி டேப்லெட்டை அணைத்தார். கேமரா இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. அறையில் ரத்தம் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"அன்பார்ந்த..." என்றார் தலைவர். "அன்பார்ந்த..."

"இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு சிறிய அறையில்" என்றது ஒரு குரல்.

அக்கா. படுத்தபடியே, கூரையைப் பார்த்துக்கொண்டு. வகுப்பில் மறந்துபோய் நிற்கிற பையனுக்கு எடுத்துக் கொடுக்கும் அதே குரல்.

தலைவர் பிடித்துக்கொண்டார். "ஆமாம், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு சிறிய அறையில்..."

"இரண்டு கட்டிலும் ஒரு கனவுமாக."

"இரண்டு கட்டிலும் ஒரு கனவுமாக!"

"இந்த இடத்துல கையைத் தூக்குவீங்க."

தூக்கினார். இப்படி முழுப் பேச்சும் நடந்தது. நடுநடுவே துணிக்கடைக்காரர் அரை நொடி முந்திக்கொண்டார்; "உங்க முறை வரல" என்று அக்கா அவரை அடக்கினாள். முடிந்ததும் எட்டுப் பேரும் கை தட்டினார்கள், அதாவது ஊசி இல்லாத கையால் கட்டிலைத் தட்டினார்கள். தலைவர் நேராக அக்காவிடம் வந்தார். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"அம்மா, என் வீட்டுல என் மனைவி, பிள்ளைங்க ஒருத்தர்கூட என் பேச்சை முழுசா கேட்டதில்ல. உங்களுக்கு என் பேச்சு இவ்வளவு பிடிக்குமா?"

என் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அக்கா என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும்; அறுபத்திரண்டு வயசில் ஒரு பொய் சொன்னவள் இல்லை.

அக்கா அந்த மனிதரின் கலங்கிய கண்ணைப் பார்த்தாள்.

"வாரத்துக்கு அறுபது தடவை கேக்கறேங்க" என்றாள் மெதுவாக. "நடுவுல கொஞ்சம் பாட்டும் கேட்டா, இன்னும் நல்லா மனசுல தங்கும்."

"கேளுங்களேன் அம்மா! யார் வேண்டாம்னது?"

"உங்க கையில இருக்கே, அதே பூட்டு. என் தம்பி டேப்லெட்லயும் போட்டிருக்காங்க."

தலைவர் தன் டேப்லெட்டைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி லிஃப்ட்காரரைப் பார்த்தார். லிஃப்ட்காரருக்குப் பின்னால் பார்க்க ஆள் இல்லை.

பூட்டையும் குழுவின் தடையையும் அன்றைக்கே எடுத்தார்கள். மழைப் பாட்டு, சோகப் பாட்டு எல்லாவற்றையும் நான் மறுபடி இறக்கினேன். திங்கட்கிழமை அக்காவின் காதில் ஹெட்போனை மாட்டி, முதலில் எது என்றேன்.

"மழை."

போட்டேன். கண்ணை மூடினாள். பல்லவி போயிற்று. முதல் சரணம் பாதியில் வாய் லேசாகத் திறந்துகொண்டது. தூங்கிவிட்டாள். மூன்று வாரம், ஒரு டாக்டர் சீட்டு, ஒரு மருந்துக்கடை முத்திரை, மூன்று பேர் குழு, இருநூற்றுப் பதினாலு பாட்டு. அவள் கேட்டது அரைப் பாட்டு. இத்தனை மாசத்தில் அந்தக் கட்டிலில் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து டி.வி.யில் படத்தை மாற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கே சந்தோஷம். மகிழ்ச்சி நாளில் எடுத்த புதுப் படம். தலைவர் நிற்கிறார், பக்கத்தில் அக்கா படுத்திருக்கிறாள். அவள் எடுத்துக் கொடுக்க அவர் பேசுகிறார். 'நோயாளிகளின் நெஞ்சில் நாங்கள்' என்று கீழே எழுத்து ஓடுகிறது. இருபத்திநாலு நிமிஷம். நாலு மணி நேரத்துக்குப் பத்துத் தடவைதான், பரவாயில்லை என்று நினைத்தேன்.

துணிக்கடைக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"தலைவர்னா பழகிப்போச்சு. உங்க அக்கா குரல்தான் உள்ள போய்க் குத்துது. போன ஜென்மத்துல வீட்டுப்பாடம் எழுதாம போயிருப்பேன் போல, உடம்பெல்லாம் வியர்க்குது. எனக்கும் ஒரு டேப்லெட்ல பாட்டு ஏத்தித் தருவீங்களா?"

நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன், பட்டியல் எழுத. சுவரில் அக்கா "இந்த இடத்துல கையைத் தூக்குவீங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் அக்கா எதுவும் கேட்காமல் தூங்கிக்கொண்டிருந்தாள். காதிலிருந்து நழுவியிருந்த ஹெட்போனை, அவளை எழுப்பிவிடாமல், சரியாக வைத்தேன்.